சில்வானோவின் கோப்பை

தெஹோகோத்தே பூ பார்க்க வெள்ளையாக, அழகாக இருக்கும். மோந்து பார்த்தால் செத்த எலி நாற்றம். உங்களுக்குப் பழம்தான் தெரியும், ஐயா, கிறிஸ்துமஸ் பானகத்தில் மிதக்கிற மஞ்சள் பழம். மரம் தெரியாது. பறவை தின்று போட்ட கொட்டையில் தானாக முளைக்கும். விரல் நீளத்துக்கு முள். மலைக்குளிருக்கும் அசையாது. யாரையும் கேட்டு வளர்ந்ததில்லை.

என் தம்பி சில்வானோ என் கொல்லையில் நின்ற அந்த மரத்தின் தலையை அறுத்துவிட்டுப் பேரிக்காய் ஒட்டுக்கட்டக் கிளம்பினான். இந்த மலையில் எல்லோரும் செய்வதுதான். வேர் காட்டு மரத்துடையது, காய் பேரிக்காய்.

"ஏண்ணே, எவளும் கிடைக்கலைன்னு இந்த முள்ளோட குடும்பம் நடத்துறியா?" என்று சிரித்துக்கொண்டே அடிமரத்தில் ரம்பத்தை வைத்தான்.

என் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரு தரம் அடித்தது போதவில்லை. வேரோரம் மண் இளக்கம், தோண்டச் சிரமமில்லை.

எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போய்விட்டான் என்றேன். எங்கள் ஆண்கள் சொல்லாமல் போவது புதிதில்லை. அவன் பெண்டாட்டி ஒதிலியா நம்பினாள், வாசலைப் பார்த்தே இருந்தாள். மரம் பூத்தபோது நாற்றம் வந்தது. பூ நாற்றம் என்றேன். பூ உதிர்ந்தும் எனக்கு மட்டும் நாறியது.

இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள் நெருங்க நெருங்க, கதவோரம் சில்வானோ வந்து நிற்பான். பேச மாட்டான். பசித்த முகம். ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் படையல் உண்டு, இவனைக் கூப்பிட ஆளில்லை. அப்பா அம்மா தட்டுகளுக்குப் பக்கத்தில் அவன் விளிம்புடைந்த கோப்பையில் காப்பி வைத்தேன். அந்த மரத்துப் பழத்தைக் கோத்து மாலையும் போட்டேன்.

ரொட்டி கொண்டுவந்த ஒதிலியா கோப்பையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மச்சான், வடக்கேயிருந்து காப்பி குடிக்க ஓடியாந்துருவாராக்கும்?"

நான் கோப்பையை அப்பா தட்டோடு ஒட்டி நகர்த்தினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"உசுரோட இருக்கறவருக்கு யாரு மச்சான் படையல் வைப்பா?"

ரொட்டியைத் தரையில் வைத்துவிட்டு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தாள். நான் தடுக்கவில்லை.

தோண்டுங்கள், ஐயா. வேரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள், காகிதத்தை நான் நம்புகிறவன் இல்லை. தம்பிமேல் எனக்குப் பாசமில்லை என்று மட்டும் எழுதக்கூடாது. பாசமில்லாதவனா அவனுக்குப் பிடிக்குமென்று லவங்கப்பட்டை தட்டிப் போட்டுக் காப்பி வைப்பான்?