அஞ்சே கால் இஞ்சு

எண்பத்தொன்னுன்னா எண்பத்தொன்னுதான் தம்பி. அதுல அரை இஞ்சு குறைக்க மாட்டேன். நீ வானிலை ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கலாம், அங்க பெரிய ஆளாவே இருக்கலாம். இந்தப் புயல்ல பனி விழுந்தது என் தோட்டத்துல.

பூட்ஸக் கழட்ட வேணாம், அப்படியே வா. அந்த நாற்காலில உக்காராத, ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. காப்பி கறுப்பாத்தான் இருக்கும். பால் வேணும்னா கடைக்காரன் மொதல்ல தன் கதவத் தோண்டி எடுக்கணும்.

என்னது, பக்கத்து ஊர் பெல்டன்ல அறுபத்திரெண்டா? யாரு, வெர்ன் சொன்னானா? வெர்ன் ஹாஸ்கின்ஸ் அளக்கற அழக நீ பாத்ததில்ல. பனி விழுந்து அளக்கற பலகைய எங்க போட்டிருக்கான் தெரியுமா? ஃபயர் ஸ்டேஷன் சுவர ஒட்டி. காத்தடிச்சா பாதி பனி அங்க நிக்காமலே போயிடும், மீதிய அவன் நாய் மிதிச்சு வெச்சிருக்கும். அதுல ஸ்கேல நட்டுட்டு, பெல்டன்தான் இந்த மேட்டுக்கே ராஜான்னு ஊரக் கூட்டி பான்கேக் போடுவான். போன வருஷம் ஒன்றரை இஞ்சுல எங்கள ஜெயிச்சான். அதுக்கு ரோட்டோரத்துல போர்டு எழுதி வெச்சான், தெரியுமா? கிராஸ்லிக்காரங்களே, உங்க ஊர்த் தூறலுக்குக் குடை வேணுமான்னு. இப்பவும் அங்கதான் நிக்குது. நீ வர்ற வழில பாத்திருப்பே.

சிரி, சிரி. உனக்கென்ன.

ரெண்டு ஊருக்கும் நடுவுல ஆறு மைல்தானேன்னு கேக்காத. ஏரிலேர்ந்து வர்ற பனி போர்வை மாதிரியா வரும்? கயிறு மாதிரி வரும். கயிறு கிடக்கற இடத்துல வீடு முங்கும். தள்ளி இருக்கறவன் வெயில்ல நின்னு கார் கழுவுவான். செவ்வாக்கிழமை காலைல வெர்ன் போன் பண்றான், இங்க லேசாத் தூவுது, அங்க என்னடா ஒப்பாரின்னு. எனக்கு என் வீட்டு தபால் பெட்டி தெரியல அப்போ. வாசல்லேர்ந்து பத்தடி இருக்குமா அது?

காட்டு, என்ன தாள் அது. ஆமா, நான் அனுப்பினதுதான். என் கையெழுத்துதான். ஆமா, மணிக்கு ஒரு தடவ அளந்திருக்கேன். மணிக்கு ஒரு தடவ பலகையத் தொடச்சிருக்கேன்.

தெரியும்ப்பா. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவதான் தொடைக்கணும். நீ பால் பல்லோட திரிஞ்சப்பவே எனக்குத் தெரியும். விழுந்த பனி தன் கனத்துலயே அமுங்கும். அமுங்க விடாம அடிக்கடி வழிச்சு அளந்து கூட்டினா தொகை ஊதிப்போகும். சலிச்ச மாவ அழுத்தாம அளக்கற மாதிரி. அந்த எண்பத்தொன்னுல கொஞ்சம் காத்தும் இருக்குன்னு சொல்ல வர்றே. சொல்லு, நேரா சொல்லு. வாய்க்குள்ளயே வெச்சு மெல்லாத.

வெர்ன ஜெயிக்கறதுக்காகப் பண்ணேனா? அட போப்பா. ஏமாத்தறவன் மணி மணியா எழுதி உங்களுக்கே அனுப்புவானா? மொத்தத்த மட்டும் போட்டு அனுப்பியிருந்தா நீ இந்த ரோட்டுல காரத் தள்ளிக்கிட்டு வந்திருக்க மாட்டே.

வயசாயிடுச்சு, தூக்கம் வரல, வீட்டுக்குள்ள இருப்பு கொள்ளல. அப்படின்னு வெச்சுக்கோயேன்.

சரி, விடு. கிழவன் ஒரு பேரம் பேசறேன், கேக்கறியா? அந்த எண்பத்தொன்ன அடிச்சுடு. அரை இஞ்சு கூட குறைக்க மாட்டேன்னு சொன்னது இந்த வாய்தான், இப்ப மொத்தமா அடின்னு சொல்றதும் இதே வாய்தான். கிரீடத்த வெர்ன் தலைல வை. நானே போய் அவன் பான்கேக்கத் தின்னுட்டு, நல்லாயிருக்குடா மடையான்னு சொல்லிட்டு வர்றேன். ஆனா ஒரு வரிய மட்டும் நீ தொடக் கூடாது. செவ்வாக்கிழமை காலை ஒன்பதுலேர்ந்து பத்து. பாரு, அஞ்சே கால் இஞ்சு. ஒரு மணி நேரத்துல.

ஒரு மணி நேரத்துல விழுந்தத ஒரு மணி முடிஞ்சதும் அளந்தா அதுல என்ன தப்பு? கூட்டினாத்தான் தப்பு. கூட்டினதத்தான் அடிச்சுடுன்னு சொல்லிட்டேனே. நீயும் கூட்டாத.

ஏன்னா அந்த ஒரு மணி நேரத்துலதான் நம்ம பனி தள்ற லாரி ஓடை வளைவுல கவுந்தது. கேள்விப்பட்டிருப்பே. ஓட்டினது நடீன். இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறா. சூப்புல உப்பில்லன்னு நர்ஸோட சண்ட போடறாளாம், அதனால பொழச்சுக்குவா. ஆனா ரோடு ஆபீஸ் சூப்பர்வைசர் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? அந்த நேரத்துல பனி லேசாத் தூவினதுதானாம். ரோடு நல்லாத் தெரிஞ்சுதாம். இவதான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டினாளாம். எதப் பாத்து எழுதினான்? வெர்ன் கணக்கப் பாத்து. பெல்டன் ஃபயர் ஸ்டேஷன் நாய் மிதிச்ச பனியப் பாத்து.

பொம்பளைக்கு அவ்ளோ பெரிய வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு காப்பிக் கடைல சொல்லிக்கிட்டிருக்கானுங்க. அவ ஓட்டி இத்தன குளிர்காலத்துல ஒரு தபால் பெட்டியச் சாச்சதில்ல. வீட்டு வாசல் வந்தா பனி தள்ற பிளேட லேசாத் தூக்குவா, நாம அள்ளிப் போட்ட வழிய அவ திரும்ப மூட மாட்டா. இந்த ரோட்டுல யார வேணா கேளு. அஞ்சே கால் இஞ்சு ஒரு மணில விழுந்தா கண்ணாடில வெள்ளச் சுவர்தான் தெரியும். அதுல வளைவு எங்கேர்ந்து தெரியும்? வியாழக்கிழமை விசாரணை. லாரிய அவகிட்டேர்ந்து புடுங்கறதுக்கு.

தலைய ஆட்டினா பத்தாது. உங்க ஆபீஸ் தாள்ல, முத்திரையோட, உன் கையெழுத்தோட வேணும். வெர்ன் ஊர்ல தூவினது வெர்ன் ஊர்ல தூவினது. கிராஸ்லில விழுந்தது இது. இதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. தர மாட்டேன்னா சொல்லிடு, இந்தப் பலகையத் தூக்கிக்கிட்டு நானே போய் அவனுங்க மேஜைல வைக்கறேன். வெச்சுட்டுத் திரும்பி வர மாட்டேன், அங்கயே நிப்பேன்.

என்ன, அளந்தவன் அவளுக்கு சொந்தமான்னு விசாரணைல கேப்பானுங்களா? கேக்கட்டும். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? என் பொண்ணுதான்.

மணிக்கு ஒரு சுத்து வருவா தம்பி, இந்த வழியா. ஹாரன் ரெண்டு தடவ அடிப்பா. அவளப் பாக்க நான் சும்மா கை வீசிக்கிட்டு வாசல்ல நின்னா, நடு ரோட்டுல வண்டிய நிறுத்தி, கண்ணாடிய எறக்கி, இந்தக் குளிர்ல உள்ள போப்பான்னு கத்துவா. கைல ஸ்கேலோட குனிஞ்சு நின்னா வேலையா இருக்கேன்னு விட்டுடுவா.