மெதுவாக நடக்கும் துணை தேவை

கோல்ஃப் ஆடத் துணை தேடிப் பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா? வரன் தேடுவதைவிடக் கஷ்டம். ஒருத்தர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடுவார். இன்னொருத்தர் தோற்றால் மட்டையை வீசுவார். மூன்றாமவர் புதருக்குள் போன பந்தைக் காலால் வெளியே தள்ளிவிட்டு ஆகாயத்தைப் பார்ப்பார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரை விட்டு வந்து பதினோரு வருஷம். வாரம் ஆறு நாள் லிஃப்ட் கூண்டின் உச்சியில் தனியாக நிற்கிறவன். ஞாயிற்றுக்கிழமையாவது யாரிடமாவது பேச வேண்டும் என்று மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு குத்தினேன்: ‘மெதுவாக நடக்கும் துணை தேவை.’

வந்தவர் எஞ்சின்காரர். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் மிஷின். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பேட்டரி. அவர் விரல்களோ தடிமனானவை, நடுங்கும். ஆட்டத்துக்கு முன்னால் பேட்டரி மாற்றித் தருவது என் வேலை. நான்கு வருஷம் பிசகாமல் செய்தேன்.

போன மாதம் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘அதிகம் பேசாத துணை தேவை.’

கேட்டேன். சிரித்துவிட்டார்.

“கோச்சுக்காதப்பா. நீ நல்லவன்தான். ஆனா வாயை மூடவே மாட்டேங்குற.”

“இத்தனை நாள் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்கண்ணே?”

“எங்க கேட்டேன்? மூணாவது குழி தாண்டுனா மிஷினை அமுக்கி அணைச்சுருவேன். நீ வாயசைப்ப, நான் தலையாட்டுவேன். சத்தமில்லாம படம் பாக்குற மாதிரி இருக்கும்.”

நானும் சிரித்தேன். அம்மா செத்தபோது ஊருக்குப் போக முடியாததை அவரிடம் ஏழாவது குழியில் வைத்துத்தான் சொன்னேன். தலையாட்டினார். தோளில்கூடத் தட்டினார்.

எனக்குக் கோபம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புது ஆள் கிடைக்கும்வரை என்னோடுதான் ஆடினார். அந்த மூன்று வாரமும் வேலை முடிந்ததும் பயிற்சித் திடலின் ஓரத்துக்குப் போனேன். முப்பது தப்படி தள்ளி ஒரு கம்பில் தொப்பியை மாட்டி, பந்தைத் தாழ்வாக, வேகமாக அடித்துப் பழகினேன். புல் வெட்டுகிறவர் உங்களிடம் சொன்னது சரிதான். ஆட்டம் முன்னேற வேண்டாமா?

கடைசி ஞாயிறு, எடுத்து வைத்திருந்த பழைய பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன். நான்காவது குழியில் அவர் காதைத் தட்டிக் காட்டினார்.

“ஒண்ணும் கேக்கலப்பா. பேட்டரி செத்துருச்சு போல.”

அடுத்த குழியில் மாற்றித் தருகிறேன் என்று சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டுத் தன் பந்தை நோக்கி முன்னால் நடந்தார். மெதுவாகத்தான்.

அடித்தேன். அடித்த கையோடு கத்தினேன். பந்து ஆள் மேல் போனால் கத்த வேண்டும், அதுதான் முறை. ‘தொண்டை கிழியக் கத்தினார், பாவம்’ என்று பின்னால் ஆடி வந்த அக்காவும் தங்கையும் உங்களிடம் சொன்னார்களே, அது பொய்யில்லை. அவர் திரும்பவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழாமல் போனது அது முதல் தடவையும் இல்லை.

பின்மண்டையில் அடிபட்டு விழுந்தவரிடம் ஓடிப்போய் மண்டியிட்டுப் புது பேட்டரியைப் போட்டேன். ஆஸ்பத்திரியில் மிஷின் ஒழுங்காக வேலை செய்ததே, அதனால்தான். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். அம்மாவைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவர் மிஷினை அணைக்கவில்லை. சாயங்காலம் இறந்துபோனார்.

கொன்றது நான்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை. நாங்கள் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பலகையில் புதுச் சீட்டு குத்தினேன். ஒன்பது மணிக்கு நீங்கள் போனில் கூப்பிட்டீர்கள், போலீஸ் என்று சொல்லாமல். எப்படி நடப்பீர்கள் என்று கேட்டேன். “மெதுவாத்தாங்க நடப்பேன், நிறைய பேசலாம்” என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வரச் சொன்னேன்.