ரிப்பன் கட்டின மரங்கள்

— காக்கா, போட்டோவைப் பெருசாக்கு. வெட்டிக் கெடக்கே, இது எந்த மரம்?

— அதுவா? புதுசாப் போடுற பாதைக்குக் குறுக்க நின்னுச்சு, வெட்டிட்டோம். என் தங்கச்சி செவப்பு ரிப்பன் கட்டின மரத்துல கைவெச்சா கூலி கிடையாதுன்னு மஸ்தூருங்ககிட்ட கறாராச் சொல்லிட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சேன், ஷிபா.

— நான் காய்ச்ச மரத்துக்குத்தான் ரிப்பன் கட்டினேன்.

— அதான் சொல்றேன். இது காய்க்காத வெத்து மரம்.

— வெத்து மரம் இல்ல காக்கா, ஆம்பள மரம். காட்டுப்புளியில ஆம்பள வேற, பொம்பள வேற. சௌல்தாரி மேட்டுக்கே ஆம்பள இது ஒண்ணுதான்.

— அரே, இவ்ளோ பெரிய ஜங்கிள்ல ஒண்ணே ஒண்ணா?

— இன்னொண்ணு கெடைக்காதான்னுதானே திக்லிபூர் வரைக்கும் போயி அலைஞ்சுட்டு இன்னைக்குக் காலையில கப்பல்ல வந்தேன்? எங்கயும் இல்ல.

— யா அல்லாஹ்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— பழத்துக்காகக் கொப்ப ஒடிப்பாங்கன்னு பொம்பள மரத்துக்குத்தான் பயந்தேன். காய்க்காதத யாரு தொடப்போறான்னு விட்டுட்டேன்.

— அழுவாத புள்ள. மதியம் உம்மா வெச்ச மீன் ஆணத்த ரெண்டு தரம் சோத்துல ஊத்தித் தின்னுட்டு எவ்ளோ சந்தோஷமா இருந்தே! நாளைக்கே நர்சரியில கன்னு வாங்கி நட்டுர்றேன், அவ்ளோதானே.

— எந்த நர்சரியில காக்கா? நானும் கறுப்பு மண்ணுல போட்டுப் பாத்துட்டேன், வேர் அழுகிப்போவுது. அந்த மேட்டுச் செவப்புக் கல்லுமண்ணுல புல்லுகூட ஒழுங்கா வராது. காட்டுப்புளி மட்டும்தான் அதத் தாங்கி நிக்குது.

— அப்ப அம்புட்டுதானா?

— இல்ல, இரு. பொம்பள மரத்துல இந்த வருஷப் பழம் இருக்கே! அது பூ விட்டப்ப ஆம்பள மரம் நின்னுச்சுல்ல? அந்தக் கொட்டைய அதே மண்ணுல ஊனுவோம். பாதியாவது ஆம்பளயா வரும். விடிஞ்சதும் ஏணி எடுத்துக்க, போவோம்.

— பழம் உனக்கு வேணும்னுதான் நீ ரிப்பன் கட்டியிருக்கன்னு நெனச்சேன் புள்ள.

— அதனால?

— ஒண்ணு விடாமப் பறிச்சாந்து உம்மாகிட்ட குடுத்தேன். கொட்டையோட அவிச்சுப் பிழிஞ்சு பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்காங்க. மதியம் நீ கேட்டுக் கேட்டுத் தின்ன ஆணத்துக்கு அந்தப் புளிதான்.