யார் கையெழுத்து என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரித் தலைவர் டாக்டர் ஹாலம் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தெயோஃபிலோ அண்ணன் அவர்களே, ஆப்பிள் கிடங்கில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஹெரோனிமோ. இந்தக் கட்டடங்களின் கொதிகலன்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்பவன். ஊழியர் சங்கச் செயலாளர். மேடையில் பேசிப் பழகியவன் அல்ல, வாசலில் நின்று சத்தம் போட்டுப் பழகியவன். குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போன நெரெய்தா ஒல்வேரா அம்மையார் யார்? பேராசிரியரா? இல்லை. முனைவரா? இல்லை. பதிவு அலுவலகத்தின் முன்மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த எழுத்தர். எந்தப் பிள்ளை எந்த மணிக்கு எந்த அறையில் இருக்கும் என்பது அவருடைய கணினியில் இருந்தது. அதனால்தான் அக்டோபரில் ஒரு காலை, அனுமதித் தாள் இல்லாதவர்களைப் பிடித்து நாடு கடத்தும் குடியேற்றத் துறை அதிகாரிகள் இருவர் நேராக அவர் மேசைக்கு வந்து நின்றார்கள்.

நான் பக்கத்தில் ஏணி மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவள் இந்த அரங்கில் இருக்கிறாளா இல்லையா என்பதையும் சொல்லப் போவதில்லை.

"எந்த ரூம்ல இருக்கா? சொல்லுங்க, சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடுறோம்."

"பேப்பர் இருக்கா, சார்?"

நீட்டினார்கள். மூன்று பக்கம். அம்மையார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

"எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும், சார்."

பொய்! டாக்டர் ஹாலம் எழுதும் கடிதங்களிலேயே பிழை திருத்தியவர் அவர்! சிரிக்காதீர்கள், உண்மை.

கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இது யார் கையெழுத்து?"

"எங்க மேலதிகாரி."

"அப்ப இது உங்க ஆபீஸ் உங்களுக்கே எழுதிக்கிட்டது. வகுப்புக் கதவைத் திறக்கணும்னா நீதிபதி கையெழுத்துப் போட்டது வேணும். வாங்கிட்டு வாங்க. நாலரைக்கு மூடிருவோம்."

அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. தலைவர் அறை இருக்கும் மாடியிலிருந்து. யார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஏணி மேலிருந்த எனக்கே கேட்கும் குரல். "நெரெய்தா, எதுக்கு வம்பு? ரூம் நம்பரைக் குடுத்துடு."

"சார், அங்க பாடம் நடக்குது" என்றார் அம்மையார். வைத்துவிட்டார்.

வந்தவர்கள் வாகன நிறுத்தத்தில் மதியம் வரை காத்துக் கிடந்துவிட்டுப் போனார்கள். நீதிபதியின் கையெழுத்தோடு இன்று வரை எவரும் திரும்பி வரவில்லை!

அம்மையார் பயப்படாதவர் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். அது சரியில்லை. அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "ஹெரோ, எனக்குக் கால் நிக்கல. ஒரு காபி வாங்கிட்டு வாயேன், சக்கரை அதிகமா" என்றார். கோப்பையைக் கொடுத்தேன். பாதி மேசையில் சிந்தியது. பயந்துகொண்டேதான் அத்தனையும் செய்தார்.

அடுத்த வாரம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டுமாம். அம்மையார் கடைசி வரி வரை வாசித்தார். மஞ்சள் தாளில் ஒரு வரி எழுதி ஒட்டி மாடிக்கே திருப்பி அனுப்பினார்: "நீதிபதி கையெழுத்து இல்லை."

தவறே செய்யாதவரா? செய்தார்! அதே மாதம் கறுப்புச் சட்டை போட்டு வந்த ஒருவரைக் குடியேற்றத் துறை ஆள் என்று நினைத்து முக்கால் மணி நேரம் நிற்க வைத்து, அவர் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். பாவம், அவர் நம் உணவகத்தின் சுத்தத்தைச் சோதிக்க வந்த சுகாதார ஆய்வாளர். அவரும் இன்று பின்வரிசையில் இருக்கிறார். அவருக்கு என் நன்றி.

இப்போது இரங்கல் தீர்மானத்துக்கு வருகிறேன். புதிய கட்டடத்துக்கு அம்மையார் பெயரை வைப்பார்களாம். அதை வழிமொழியச் சொல்லி என்னை அழைத்தார்கள். அழகான தீர்மானம். ஆனால் நேற்று மாலை வந்த சுற்றறிக்கையையும் நான் படித்தேன். அம்மையாரின் இடம் நிரப்பப்படாதாம். முன்மேசையில் ஆளுக்குப் பதிலாக ஒரு கணினித் தொடுதிரை வைப்பார்களாம். விசாரிக்க வரும் அதிகாரிகளை ஊழியர் யாரும் தாமதப்படுத்தக் கூடாதாம். சுவரில் அவர் பெயர், மேசையில் அவர் வேலைக்குச் சமாதி! இதற்கா நான் கை தூக்குவேன்? திரை கேட்குமா, யார் கையெழுத்து என்று? பெயரைத் தட்டினால் அறை எண்ணைக் காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தோழர்களே! கறுப்புத் துணி கட்டுவதோடு நம் கடமை முடியவில்லை. திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலி காலியாக இருக்காது. சங்கத்தில் முறை போட்டுவிட்டோம். எட்டு மணிக்கு நான் உட்காருகிறேன். ஒன்பதுக்குக் கணக்கு ஆசிரியை பெர்னிஸ் டோட். பத்துக்கு உணவகத்து லுஸ்வீனா. பன்னிரண்டு முதல் நாலரை வரை பெயர்கள் நிரம்பிவிட்டன. எல்லோருக்கும் இங்கிலீஷ் மிக மெதுவாகத்தான் வரும் என்பதை இந்த மேடையிலேயே பகிரங்கமாகச் சொல்லிக்கொள்கிறேன்!

பதினொரு மணிக்கு மட்டும் ஆள் இல்லை. டாக்டர் ஹாலம் அவர்களே, பட்டியல் என் கையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா?