உப்பு நெடுவரிசை

கோழிக்கும் உப்பு வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, சார். நூறு கிலோ தீவனத்துக்குப் புள்ளி மூன்று கிலோ. அது இல்லாவிட்டால் கோழி வெறிபிடித்துப் பக்கத்துக் கோழியைக் கொத்தும். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் நிறுத்தாது.

நாமக்கல் தீவன மில்லில் நான் கம்ப்யூட்டர் பார்ப்பவன். எந்தப் பண்ணைக்கு என்ன கலவை என்று முடிவு செய்தவள் ரஞ்சிதா. அவள் அளவைப் போடுவாள். மிக்சிங் மெஷின் அதை என் டேட்டாபேஸிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்.

சித்திரையில் எங்கள் வீட்டார் அவளைப் பெண் கேட்டுப் போனார்கள். காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினாள். "அவர எங்கண்ணனாட்டம் நெனச்சுட்டேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாளாம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான். அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவள் அப்பா கைலாசத்தின் பண்ணைக்கும் எங்கள் தீவனம்தான். அந்த ஒரு பண்ணையின் உப்பை மட்டும் அழித்திருக்கலாம். ஆனால் அளவை மாற்றினால் மாற்றியவர் பெயர் பதிவாகும். எல்லாப் பண்ணைகளின் உப்பளவும் மேலிருந்து கீழாக நிற்கும் நெடுவரிசையின் வகையை மாற்றினால் பெயர் பதிவாகாது என்று நினைத்தேன். உங்கள் சைபர் போலீஸ் ஆள் சர்வரைத் தோண்டி அதையும் எடுத்துவிட்டார், கெட்டிக்காரர்.

உப்பு நெடுவரிசை புள்ளி வைத்த எண்ணை ஏற்கும் டெசிமல் வகை. அதை முழு எண் மட்டும் ஏற்கும் இன்டிஜர் வகையாக்கினேன். புள்ளி மூன்று தானாகப் பூஜ்யமானது. உடனே வகையைப் பழையபடி டெசிமலாக்கிவிட்டேன். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. ஆனால் வகை என்பது நெடுவரிசை முழுவதற்கும் ஒன்றுதான், ஒரு பண்ணைக்கென்று தனியாக மாற்ற வராது. அதனால் எல்லாப் பண்ணைகளிலும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தித் தின்றன. அதில் எனக்கும் வருத்தம்தான்.

பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைக் கொண்டுவந்து மில் வாசலில் கொட்டினார்கள். கைலாசமும் வந்திருந்தார். மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"அண்ணா, உப்புக்குப் புள்ளி மூணுதானுங்க போட்டேன்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "ஜீரோன்னுதானுங்க இருக்குது. வேல அலுப்புல மறந்திருப்பீங்க."

"ஐயோ, அப்ப நாந்தானுங்களா?"

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள், பாவம்.

மறுநாள் ஜேடர்பாளையம் தடுப்பணைக் கரையில் அவள் செருப்பு கிடந்தது. உடலைக் கரையேற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். கைலாசம் என் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

நீங்கள் சொல்வதுபோல் நான் யாரையும் கொல்லவில்லை, சார். ஒரு எண்ணைக்கூட நான் கையால் தொடவில்லை. அவளும் எண்ணைப் பற்றித்தான் கேட்டாள். நெடுவரிசையை யாராவது தொட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் ரஞ்சிதாவிடம் நான் பொய் சொல்லியிருப்பேனா?