நலம் என்று எழுதிய பதினாறு நாட்கள்

பெயர் சுடலைச்செல்வி, வயது 20, த/பெ. இசக்கியப்பன், எப்போதும்வென்றான் கிராமம். தற்போது கோவில்பட்டிக்கு வெளியே எங்கள் கல்லூரி மாணவியர் விடுதி, முதல் மாடி, அறை எண் 14. நாள் 23.11.2024.

விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படித்து வருகிறேன். ஜூலை முதல் எங்கள் மாடிக்கு நான்தான் நலத்தோழி. தினமும் மாலை ஆறரை மணிக்கு அறை அறையாகப் போய், சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனசுக்குச் சங்கடமா என்று கேட்டு, பதிவேட்டில் ‘நலம்’ அல்லது ‘பேச வேண்டும்’ என்று எழுத வேண்டும். ‘பேச வேண்டும்’ என்று எழுதினால் காப்பாளர் ராஜமணி மேடம் முதலில் வீட்டுக்குப் போன் செய்வார், பிறகு மாதம் ஒருமுறை வரும் கவுன்சிலரிடம் அனுப்புவார். வீட்டுக்குப் போன் போகும் என்பதால் எங்கள் மாடியில் ஒருத்திகூட இதுவரை பேச வேண்டும் என்று சொன்னதில்லை.

பக்கத்து அறை 15-இல் இருந்த உமாதேவி, வயது 19, இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அவள் அப்பா வன்னியபெருமாள் விளாத்திகுளம் பக்கம் ஆடு வைத்திருக்கிறார். தீபாவளி லீவு முடிந்து வந்ததிலிருந்து உமா சரியாக இல்லை. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும், தலை சீவ மாட்டாள். 5-ஆம் தேதி மாலை நான் பதிவேட்டோடு போனபோது, ராத்திரி பூரா தூங்கவில்லை, தலைக்குள் இரைச்சலாக இருக்கிறது என்றாள். காரணம் கேட்டதற்கு, காரணம் தெரிந்தால் சொல்லியிருப்பேனே என்றாள். அதன் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுதிராதட்டி. வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாவ” என்றாள். நான் ‘நலம்’ என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பிறகு அவளிடம் கேட்காமலேகூட எழுதினேன்.

21-ஆம் தேதி வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உமா பை எதுவும் இல்லாமல் படியிறங்கி வந்து, “செல்வி, போறேன்” என்றாள். நானும் தலையை ஆட்டினேன். அதன் பிறகு துணியை மடிக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் தெருமுனைக் கடைக்குப் போனாலும் வாரேன் என்றுதான் சொல்வோம். வெறுமனே போறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சின்னப் பிள்ளைகள் சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவார்கள். நான் மாடிக்கு ஓடினேன். அவள் போனும் அடையாள அட்டையும் கட்டில் மேல் இருந்தன.

அதன் பிறகு காப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டி, “நேத்து வரைக்கும் நலம்னு நீதானம்மா எழுதியிருக்க?” என்றார். ஊருக்கு பஸ் ஏறியிருப்பாள் என்றார், எந்தப் பையனையாவது பார்க்கப் போனாளா என்றும் கேட்டார். எழுதியது பொய் என்று சொன்னால் என்னை விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பத்து நிமிடம் அப்படியே நின்றேன். அந்தப் பத்து நிமிடமும் நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன், அவளைப் பற்றி அல்ல. அதன் பிறகுதான் எல்லாம் பொய் மேடம் என்று சொன்னேன்.

உடனே தேட ஆரம்பித்தோம். வாட்ச்மேன் முப்பிடாதி அண்ணாச்சி, அந்தப் பிள்ளை பின்பக்க கேட் வழியாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அவரும் நானும் ஓடினோம், மேடம் பின்னால் வந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மக்காச்சோளக் காட்டுக் கரிசலில் கால்தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. பாதி வழியில் அவளுடைய ஒரு செருப்பு சேற்றில் ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேல் ஒரு கால்தடம் வெறுங்கால் தடமாக இருந்தது. தடம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குப் போனது. எனக்கு மேற்கொண்டு நடக்க பயமாக இருந்தது.

உமா கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நலத்தோழிகளுக்கான பயிற்சியில் எங்களுக்கு ஒன்பது கேள்விகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஒன்றுகூட வாயில் வரவில்லை. அண்ணாச்சி பத்தடி தள்ளிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டு, “தாயி, கால் புதைஞ்சிட்டு, எந்திரிக்க முடியல. ஒரு கை குடு” என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தாள். அவர் அந்தக் கையை விடுதி வந்து சேரும்வரை விடவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார்கள். நேற்றுக் காலை அவள் அப்பா வந்து, படித்தது போதும் என்று பெட்டி படுக்கையோடு கூட்டிப் போனார். வண்டியில் ஏறும்போது நான் அவளிடம், “போயிட்டு வாட்டி” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாரேன் என்று சொல்லவில்லை.

எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவள் போன் விடுதி அலுவலகத்தில்தான் கிடக்கிறது. அவள் வீட்டுக்கு யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், இதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. பதிவேட்டில் 5.11 முதல் 20.11 வரை அறை எண் 15-க்கு நேராக என் கையெழுத்தில் உள்ள பதினாறு ‘நலமும்’ பொய். மற்றபடி இதில் நான் சொன்னது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) இ. சுடலைச்செல்வி