குளவிக்குச் சொல்கிற சொல்

"நான் முன்னால ஒக்கார மாட்டேன்க்கா, நீயே போயி..."

"வாந்தி எடுக்கிறவ நீ. நான் எதுக்கு முன்னால..."

"ஜன்னல் பக்கம் ஒரு எடம் குடுத்தா போதும்னுதானே..."

"ஜன்னலும் ஒனக்கு, முன் சீட்டும் ஒனக்கு. ஏறு புஷ்பம், வேன்காரத் தம்பி பாத்துக்கிட்டு இருக்கு."

பசறை டவுனில், திறந்து கிடந்த வேன் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நானும் என் தங்கை புஷ்பமும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். வளைவுப் பாதையில் போகிற யாரும் பேசுகிற பேச்சுதான். விதுர்ஷா இறங்கி வந்து தீர்த்துவைத்தாள்.

"அம்மாவுக்குத் தலைச்சுத்து வரும் பெரியம்மா. அம்மா முன்னால ஏறட்டும். நீங்க எங்களோட வாங்க."

அவள் அம்மா என்றது புஷ்பத்தை. பெரியம்மா என்றது என்னை. அவளைப் பெற்றது நான்.

இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விதுர்ஷாவின் அப்பா காய்ச்சலில் போனபோது அவள் கைப்பிள்ளை. நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். பிள்ளையை புஷ்பம் வைத்துக்கொண்டாள். அவள் கலியாணம் கட்டவில்லை. கேட்டு வந்தவர்களையும் பிள்ளையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் தடவை நான் லீவில் வந்தபோது விதுர்ஷா என்னைக் கண்டு கத்தி அழுதாள். புஷ்பம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்போதைக்குப் பெரியம்மான்னே கூப்பிடட்டும்க்கா, புள்ள பயப்படுது" என்றாள். நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன். அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை.

புஷ்பத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் பிள்ளையை அவள் நன்றாக வளர்த்தாள். படிக்கவைத்து டீச்சராக்கினாள். குவைத்திலிருந்து நான் நிரந்தரமாக வந்த பிறகு ஒரே லயத்து வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே மலையில்தான் இரண்டு பேரும் இருந்தோம். சண்டை என்று பார்த்தால் இந்த ஜன்னல் சண்டை மாதிரிதான்.

கடலுக்குப் போகலாம் என்பது விதுர்ஷாவின் யோசனை. அவளுக்கும் பிரவீனனுக்கும் கலியாணம் நிச்சயமாகி இருந்தது. அவனும் வாத்தியார், அவளோடு ஒரே பள்ளிக்கூடம். பாடசாலை லீவில் எங்களையும் கூட்டிக்கொண்டு, பதுளையில் றில்வான் என்ற தம்பியின் வேனைப் பிடித்து, மொணராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கினோம். அங்கே கடற்கரை ஓரமாக ஒரு தங்குமிடம். அங்கிருந்து காட்டைப் பார்க்கப் போவது, ஒகந்தை முருகனைக் கும்பிடுவது, குமணையில் பறவை பார்ப்பது என்று பிரவீனன் எல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. மழை என்றால் ஒரு நேரம் விடும், மெசின் என்றால் ஒரு நேரம் நிறுத்துவார்கள். இது அப்படி இல்லை. நின்றால் காலுக்குக் கீழே மணல் நழுவுகிறது, உட்கார்ந்தால் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. நான் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தேன். புஷ்பம் முழங்கால் வரை தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கடலை ஒட்டிய களப்புக் கரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த முதலையைப் பிரவீனன் காட்டியபோது, "நம்ம பழைய கணக்கப்புள்ள மத்தியானத்துல இப்பிடித்தான் தூங்குவாரு" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். கூழைக்கடாக்கள் வரிசையாக இறங்கியபோது விதுர்ஷா தூரக்கண்ணாடியை முதலில் புஷ்பத்தின் கண்ணில்தான் வைத்தாள். அது என்னிடம் வந்து சேரும்போது பறவைகள் போயிருந்தன. பறவை எங்கே காத்திருக்கும்.

அன்று பின்னேரம் மணலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது விதுர்ஷா பேச்சை எடுத்தாள். பண்டாரவளையில் வீடு பார்த்தாகிவிட்டது, அவர்களுக்கு ஓர் அறை, மிச்சம் ஓர் அறை என்றாள்.

"அம்மாவ எங்களோட கூட்டிக்கிட்டுப் போறோம் பெரியம்மா. லயத்துக் காம்பராவ பூட்டிப் போட்டா தோட்டத்துல வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீங்க இருந்து பாத்துக்குங்க. தனியா இருந்து பழகினவங்கதானே நீங்க."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேச வராது, புஷ்பம் அப்படி வளர்த்திருக்கிறாள். நான் ஆமாம்மா என்றேன்.

புஷ்பம்தான் குறுக்கே வந்தாள். அக்கா போகட்டும், நான் லயத்தில் இருக்கிறேன், எனக்கு அங்கேதான் நாலு பேரைத் தெரியும் என்றாள். மனதார விட்டுக்கொடுத்தாள், அது எனக்குத் தெரியும். ஆனால் விதுர்ஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாம என்னால முடியாதும்மா" என்றாள்.

நான் கோப்பையை மணலில் வைத்துவிட்டு எழும்பிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். நீங்கள் நினைப்பது மாதிரி அப்போது நான் எந்தத் திட்டமும் போடவில்லை. ஒரு விஷயம் மட்டும் விளங்கியது. புஷ்பம் விட்டுக்கொடுத்தாலும் அந்த இடம் எனக்கு வராது. அவள் இருக்கிறவரை வராது.

மறுநாள் காலையில் ஒகந்தைக்குப் போனோம். பாணமையைத் தாண்டினால் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் காடு. மயில்கள் பாதையில் நின்றுகொண்டு விலக மாட்டேன் என்றன. புஷ்பம் தலைச்சுற்றுக் குளிசை போட்டுக்கொண்டு முன் சீட்டில் தூங்கிவிட்டாள். றில்வான் தம்பி வண்டியை மெதுவாக்கி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

"இங்க யானை நடமாட்டம் இருக்கு. தூரத்துல கண்டா சத்தம் போடாம வந்த வழியே திரும்பிடுங்க. கிட்ட வந்துட்டா பெரிய கல்லு, பெரிய மரம், எதுக்காவது பின்னால பூந்துக்கங்க. நடு வழியில மட்டும் நிக்க வாணாம்."

விதுர்ஷா என் பக்கம் திரும்பினாள். "அம்மா எந்திரிச்சதும் சொல்லிடுங்க பெரியம்மா. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அது உண்மை. நான் சொன்னால் புஷ்பம் கேட்பாள். அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூடு கலைந்தால் ஓடக்கூடாது. ஓடுகிறவளைத்தான் குளவி துரத்தும். இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். முதலில் கண்டவள் படு என்று கத்துவாள். கத்திவிட்டு அவளும் படுப்பாள். படங்கு ஓரத்தால் அவள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்விட்டது என்று அவள் சொல்கிறவரை வேறு யாரும் தலையைத் தூக்கமாட்டார்கள், அசையவும் மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் அந்தக் குரல் என்னுடையது. ஒரு தடவை பெரிய கூடு ஒன்று கலைந்தது. மாரியாயி என்பவள் நான் கத்தியும் கேட்காமல் ஓடினாள், அவளைப் பசறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. புஷ்பம் படுத்த இடத்தில் கல்லாகக் கிடந்தாள். ஒரு கொட்டுக்கூட இல்லை. அன்றைக்குப் பிறகு என் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் எதற்கு, ஏன் என்று பார்க்கமாட்டாள். உடம்பு தானாக விழும்.

றில்வான் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கோயில் வந்ததும் அவள் எழுந்து முருகா முருகா என்று இறங்கிவிட்டாள், அந்த நேரத்தில் யானையைப் பற்றி என்ன பேசுவது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கும்பிட்டு முடிந்ததும் றில்வான் தம்பி வேனோடு நின்றுகொண்டது. நாங்கள் நான்கு பேரும் காட்டுப் பாதையில் நடந்தோம். ஒரு பாறை மேலே ஏறினால் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் காடும் தெரியும் என்று பிரவீனன் சொல்லியிருந்தான். புஷ்பத்துக்கு முழங்கால் வலி. நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் மெதுவாக வருகிறோம் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். பாலைப்பழக் காலம் அது. பாதை ஓரத்து மரத்தடியில் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. புஷ்பம் குனிந்து பொறுக்கி மடியில் கட்டத் தொடங்கினாள். அவளுக்கு, அதாவது விதுர்ஷாவுக்கு, புளிப்போ இனிப்போ எது என்றாலும் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினாள். என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

நான் கொஞ்சம் தள்ளி, இரண்டாகப் பிளந்த ஒரு கல்லின் அருகில் நின்றேன். அங்கிருந்துதான் கண்டேன். அவளுக்குப் பின்னால், புதருக்கு மறுபக்கம், தனி யானை. காது அசைவது நின்றிருந்தது. அவள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள்.

நேரம் இருந்தது. இதை நான் கூட்டியோ குறைத்தோ சொல்ல விரும்பவில்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் வழி வெறுமையாகத்தான் இருந்தது. கையைக் காட்டி இங்கே வா என்றிருந்தால் முழங்கால் வலியோடும் வந்திருப்பாள். அந்தக் கல் பிளவில் இரண்டு பேர் நிற்கலாம். பிறகு நான் அதில் நின்றபோது பக்கத்தில் இடம் இருந்தது.

கடற்கரையில் தொடங்கிய தவிப்பு அந்த நேரத்தில் நின்றது. வந்ததிலிருந்து அப்போதுதான் என் கால் ஓரிடத்தில் ஊன்றியது. மலையில் கத்துகிற அதே குரலில், "புஷ்பம், படு" என்றேன்.

விழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு நடுப்பாதையில் குப்புறக் கிடந்தாள். மடியிலிருந்த பழமெல்லாம் சிதறியது. நான் கல் பிளவுக்குள் போனேன். என் சத்தத்துக்கு யானை திரும்பி, புதரை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்து நின்றது. பாயவில்லை. நின்று பார்த்தது.

முந்தானைக்குள்ளிருந்து புஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"போயிருச்சாக்கா?"

"இன்னும் இல்ல" என்றேன். "அசையாத."

அவள் அசையவில்லை. மண் அதிர்ந்திருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் தலையைத் தூக்கவில்லை. நான் சொல்லவில்லையே.

பிறகு நடந்ததை மரண விசாரணையில் சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விசாரித்தவர் நல்ல மனிதர். தோட்டத்து ஆள்களுக்குக் குளவிக்குப் பயந்த பழக்கம், யானையைக் கண்ட பதற்றத்தில் வாயில் அந்தச் சொல்தான் வந்திருக்கிறது, தங்கச்சியைக் காப்பாற்றத்தான் கத்தியிருக்கிறார் என்று அவரே எடுத்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் லயத்து ஆள்கள் எட்டாம் நாள் காரியத்துக்கு வந்து, யாராக இருந்தாலும் அதைத்தான் கத்தியிருப்போம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுதது பொய்யில்லை. அவர்களாக இருந்தால் தவறித்தான் கத்தியிருப்பார்கள். நான் தவறவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னால் என் தங்கை எழும்பமாட்டாள் என்று தெரிந்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.

கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு மேளம் இல்லாமல் பதிவு செய்தார்கள். லயத்துக் காம்பராவைத் தோட்டத்திலேயே ஒப்படைத்துவிட்டோம். பண்டாரவளை வீட்டில் அந்த மிச்ச அறை இப்போது எனக்கு. குளிர் ஊர், எனக்குப் பழகின குளிர்தான். காலையில் நான் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன், இரண்டு பேருக்கும் சோறு கட்டிக்கொடுக்கிறேன். விதுர்ஷா அதிகம் பேசுவதில்லை. துக்கம் ஆறக் கொஞ்ச காலம் பிடிக்கும். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இது ஒரு காலமா. வாய் பழகிவிட்டதால்தான் இன்னும் பழைய மாதிரிக் கூப்பிடுகிறாள். ஒரு வீட்டில் ஒரு தாய்தான் இருக்கும்போது பிள்ளை வேறு என்னவென்று கூப்பிடும். அது தானாக மாறும். நான் அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, அவளுக்குச் சேர வேண்டிய தாயைத்தான் அவளிடம் சேர்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் இரண்டு பேரும் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் நார் உரிக்க நான் நறுக்கினேன். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்தாள். அன்றைக்குக் காட்டில் கட்டியிருந்த அதே ஊதாச் சேலை.

"நாங்க ஓடி வந்தப்ப ஒங்க சேலையில ஒரு பொட்டு மண்ணு இல்ல" என்றாள். சத்தம் போடாமல், பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அம்மாவப் படுக்கச் சொன்னீங்க. நீங்க ஏன் பெரியம்மா படுக்கல?"